கூட்டத்தின் பாவம்

ஒருவன் செய்த தீமைக்கு, அவன் இனத்தில் பிறந்தவன் என்ற ஒரே காரணத்தால், அத்தீமையைக் கனவிலும் கருதாத மற்றொருவனைத் தண்டிக்கலாமா என்று எந்தச் சமயத்தின் ஆசாரியரைக் கேட்டாலும், எந்தத் தத்துவ ஞானியை அணுகினாலும், கூடாது என்ற விடை தயக்கமின்றிக் கிடைக்கும். ஆனால் சரித்திரத்தில் மனிதர் மனிதரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இந்த விடையை அறியாத காட்டு மனிதர்களால் அல்ல, பள்ளியில் படித்து, ஆலையில் உழைத்து, பண்டிகை நாட்களில் அண்டை வீட்டாருக்குப் பலகாரம் கொடுத்தனுப்பிய சாதாரண ஜனங்களாலேயே நிகழ்த்தப்பட்டவை என்பது தெரிய வருகிறது. அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இந்தப் பெரும் பிளவைப் பற்றிச் சிந்திக்கப் புகும்போதெல்லாம் என் மனம் காஸ்பியன் கடற்கரையிலுள்ள சும்கயித் என்னும் நகரத்தையும், 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தின் கடைசி மூன்று நாட்களையும் நாடிச் செல்கிறது.

சும்கயித் புராதனப் பகைமைகள் ஊறிக் கிடந்த ஊர் அன்று. அஸர்பைஜானின் தலைநகரமான பாக்குவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சோவியத் சர்க்கார் திட்டமிட்டு வளர்த்து, 1949-இல் நகர அந்தஸ்து அளித்த தொழிற்பேட்டை அது. இரசாயன ஆலைகளும் இரும்புக் குழாய் ஆலையும் அதன் ஜீவனம். அவற்றின் புகையே அதன் ஆகாயம். பல திசைகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அஸர்பைஜானியரும் ஆர்மீனியரும் ருஷ்யரும் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிக் கட்டடங்களில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி வாழ்ந்தனர். வீடின்றித் தொழிலாளர் விடுதிகளிலும் தகரக் குடிசைகளிலும் முடங்கிக் கிடந்தோரும் அங்கே ஏராளம். ஆர்மீனியர் மட்டும் 10,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். தேசங்களின் சகோதரத்துவம் என்று சோவியத் ராஜ்யம் எதைப் பறைசாற்றியதோ, அதன் மாதிரி நகரமாகவே சும்கயித் கட்டப்பட்டது.

அந்த மூன்று நாட்களில் அங்கே வெடித்த கலகத்துக்கு வித்திட்ட விவகாரம் அந்த நகரத்தைச் சேர்ந்ததே அன்று. அஸர்பைஜானுக்குள் 1923-இல் அமைக்கப்பட்ட நாகோர்னோ-கராபாக் சுயாட்சிப் பிரதேசத்தில் ஜனத்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஆர்மீனியர். தங்கள் பிரதேசத்தை ஆர்மீனியாவுடன் சேர்க்க வேண்டும் என்று அப்பிரதேசத்தின் சோவியத் மன்றம் 1988 பிப்ரவரி 20-ஆம் தேதி தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு நாட்களுக்குப் பின் அஸ்கெரான் என்ற இடத்தில் நிகழ்ந்த மோதலில் இரு அஸர்பைஜானிய இளைஞர் உயிரிழந்தனர். 27-ஆம் தேதி மாலை, சோவியத் யூனியனின் துணைத் தலைமைப் பிராசிக்யூட்டர் பதவியில் இருந்த அலெக்ஸாந்தர் கத்துசேவ், இறந்தோர் இருவரின் பெயர்களையும் ஒலிபரப்பில் வெளியிட்டார். அவர்கள் எவ்வாறு இறந்தனர், யார் கையால் இறந்தனர் என்ற விவரம் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. பெயர்கள் மட்டும் சொல்லப்பட்டன. கேட்ட அஸர்பைஜானியர் அனைவரும் அப்பெயர்களைக் கொண்டே இறந்தவர் தம் இனத்தார் என்று உணர்ந்துகொண்டனர். கொன்றவன் யார் என்பது தெரியாத இடத்தில் கொன்றவர்களின் இனம் எது என்ற ஊகம் வந்து குந்திக்கொண்டது.

நகரின் லெனின் சதுக்கத்தில் முதலில் சிறு கூட்டமாகவும், மறுநாள் பெருங்கூட்டமாகவும் ஜனங்கள் திரண்டனர். ஆர்மீனியாவின் காபான் பகுதியிலிருந்து விரட்டப்பட்டு வந்ததாகக் கூறிக்கொண்டோர், தம் உற்றாருக்கு நேர்ந்த கொடுமைகளை அங்கே விவரித்தனர். நகரக் கட்சியின் முதற் செயலாளர் கூட்டத்தைச் சாந்தப்படுத்த முடியாமல், கையில் கொடி பிடித்து அதன் முன்னே நடக்கும் கதிக்கு ஆளானார். பிறகு நிகழ்ந்தவற்றை நான் விரித்துரைக்க விரும்பவில்லை. வீடு வீடாகக் கதவுகள் உடைக்கப்பட்டன, பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர், மனிதர் வீதியில் இழுத்து அடிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் மாண்டனர் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். கொடுமையை நுணுகி வருணிப்பதில் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் ஒரு கள்ளக் கிளர்ச்சி உண்டாவது இயல்பு. அதற்கு இடங்கொடுத்தல் இறந்தவர்க்குச் செய்யும் இரண்டாம் அவமதிப்பாகும். அரசாங்கத்தின் கணக்கு 32 பேர் இறந்தனர் என்பது. அவர்களுள் 26 பேர் ஆர்மீனியர், 6 பேர் அஸர்பைஜானியர். இறந்தோர் இன்னும் பலர் என்று ஆர்மீனியர் இன்றளவும் கூறி வருகின்றனர். துருப்புகள் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்று பின்னர் சோவியத் தலைவர் கோர்பச்சேவே ஒப்புக்கொண்டார்.

கூட்டம் தன் இரைகளை எவ்வாறு தெரிந்தெடுத்தது என்ற இடத்திலேயே தத்துவப் பிரச்சினை தன் முழு உருவத்தோடு நம் முன் நிற்கிறது. 1932-இல் ஏற்பட்ட சோவியத் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு பிரஜையின் பெயருக்கும் பிறந்த நாளுக்கும் அருகே அவனுடைய தேசிய இனமும் பதிவு செய்யப்பட்டிருந்தது. தாய் ஓர் இனமும் தந்தை ஓர் இனமுமாகப் பிறந்த பிள்ளை பதினாறாம் வயதில் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய், இரண்டில் எது வேண்டும் என்று சொல்லிப் பதிந்துகொள்ளலாம். கலப்பு மணங்கள் மிகுந்த அந்தப் பிரதேசத்தில், ஒரே வயிற்றில் பிறந்த இரு சகோதரர் இரு இனத்தவராகப் பதிவு பெறுவதற்கும் இடமிருந்தது. ஒரு பேனாக் கோட்டில் முடிவான இந்த விஷயமே அந்த மூன்று நாட்களில் உயிருக்கும் சாவுக்கும் எல்லையாகிவிட்டது. பஸ்களையும் கார்களையும் மறித்தவர்கள் பயணிகளிடம் கேட்டது, நீ என்ன செய்தாய் என்ற கேள்வியை அன்று. நீ யார் என்பதே அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. ஒரு மன்னனின் தவறான தீர்ப்புக்காக ஒரு நகரமே எரிந்த கதை அது. கூட்டுத் தண்டனைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் நம் இலக்கியத்தில் இல்லை. ஆயினும் கணவனை இழந்து, நீதியை இழந்து, தன்னையே இழந்து நின்ற கண்ணகி அக்கினி தேவனை ஏவும்போதும், அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழவிகளையும் விலக்கி, தீயோர் பக்கம் மட்டுமே செல்லுமாறு வரம்பு கட்டியே ஏவுகிறாள். அவள் விலக்கியவர்களுள் பார்ப்பனரும் உளர், ஆகவே பிறப்பைப் பார்க்கும் பழக்கம் அந்தக் காலத்துப் பட்டியலையும் தீண்டாமல் விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் எரிவதற்கு உரியவர் யார் என்று தீர்மானிக்கும் இடத்தில் இளங்கோ பிறப்பைக் கொள்ளவில்லை, தீத்தொழிலையே கொண்டார். கோபத்தின் உச்சியிலும் செய்தவனையும் செய்யாதவனையும் வேறுபடுத்தியாக வேண்டும் என்ற தர்ம உணர்ச்சி, தீயையே பாத்திரமாக்கிய அந்தக் கவியைக் கட்டிப்போட்டது. சும்கயித்தில் எழுந்த நெருப்புக்கு அத்தகைய வரம்பு இட்டவர் எவரும் இல்லை. கைக்குழந்தையோ கிழவியோ என்ற விசாரணையும் அங்கே எழவில்லை.

கூட்டத்தின் தர்க்கம் அவ்வாறு இருந்தது என்றால், அதற்கு ராஜ்யம் அளித்த மறுமொழி நேர் எதிர்த் திசையில் தவறிற்று. நடந்தது ஓர் இனத்தின் மேல் ஏவப்பட்ட கொலைச் செயல் என்று ஒப்புக்கொள்ள மாஸ்கோவுக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொண்டால் எழுபதாண்டுச் சகோதரத்துவப் பிரசாரம் பொய்த்துப்போகும் என்ற அச்சமே காரணம். எனவே காலிகளின் அட்டகாசம் என்ற தலைப்பின் கீழ் அச்சம்பவம் வழக்குகளாகத் துண்டாடப்பட்டு, மாஸ்கோவிலும் வேறு நகரங்களிலும் தனித்தனியே விசாரிக்கப்பட்டது. ஒருவனுக்கு மரண தண்டனையும், பலருக்குச் சிறைவாசமும் விதிக்கப்பட்டன. செய்தவனைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பது தனிமனிதப் பொறுப்பு என்ற கொள்கைக்கு இணங்கியதே அல்லவா என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் ஆயிரம் கைகள் ஒரு நோக்கத்தோடு ஓங்கப்பட்டபோது, அந்த நோக்கத்தைக் கண்மறைத்துவிட்டு, ஓங்கிய கைகளை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுவது நியாயம் ஆகாது. யார் அடித்தான் என்பதற்கு விடை கிடைத்த பிறகும், ஏன் இவனை அடித்தான் என்பதற்கு விடை வேண்டும். அந்த இரண்டாம் விடையை எந்த நீதிமன்றமும் முழுமையாகக் கேட்கவில்லை. விஞ்ஞானியும் மனித உரிமைப் போராளியுமான ஆந்திரெய் சகரோவும் அவர் மனைவி எலேனா போன்னரும் அந்த ஆண்டு டிசம்பரில் இரு குடியரசுகளுக்கும் நேரில் சென்று, இரு தரப்பு அகதிகளின் வாய்மொழியையும் கேட்டார்கள். அரசாங்கம் கேட்க மறுத்ததைத் தனிப்பட்ட பிரஜைகள் கேட்க வேண்டியிருந்தது.

விசாரணை இவ்வாறு அரைகுறையாக முடிந்ததன் பலன் பிறகு விளைந்தது. தண்டிக்கப்பட்டோருள் ஒருவன் ஆர்மீனியத் தந்தைக்குப் பிறந்தவன். அந்த ஒரு விஷயத்தைப் பற்றிக்கொண்டு, சும்கயித் படுகொலையே ஆர்மீனியர் தம்மைத் தாமே கொன்றுகொண்ட சதி என்று அஸர்பைஜானில் கற்றவர்களும் எழுதலாயினர். இந்த வாதத்தின் உள்ளே பொதிந்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஒருவனுடைய இரத்தம் எந்த இனத்துடையதோ அந்த இனமே அவன் செயலுக்குச் சொந்தம் என்ற எண்ணம்தான் அது. கொலை செய்த கூட்டத்தைச் செலுத்திய அதே எண்ணம், கொலையை மறுக்கும் அறிஞரின் எழுதுகோலையும் செலுத்துகிறது.

கூட்டத்தின் பாவத்தைப் பங்கிடுவது எப்படி என்ற இந்தப் பிரச்சினையை நம் காலத்தில் மிக ஆழமாக ஆராய்ந்தவர் ஜெர்மன் தத்துவ ஞானி கார்ல் யாஸ்பெர்ஸ். யூத மரபினளான மனைவியைக் கைவிட மறுத்ததால் நாஜிகளால் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். யுத்தம் முடிந்தவுடன், தோற்று அழிந்து கிடந்த தம் ஜனங்களின் முன் நின்று, குற்றம் நான்கு வகைப்படும் என்று விளக்கி, 1946-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். சட்டத்தை மீறிய குற்றத்துக்கு நீதிமன்றம் விதி செய்யும். ராஜ்யம் செய்த தீமையின் விளைவை அதன் பிரஜைகள் எல்லோரும் சுமந்தே ஆகவேண்டும். தன் செயலுக்கும் செயலின்மைக்கும் அவனவன் மனச்சாட்சியே நீதிபதி. நான்காவதே மிகக் கடுமையானது: மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே மனிதன் என்ற முறையிலேயே ஒரு பந்தம் உண்டு, சகமனிதன் கொல்லப்படும்போது தன்னால் இயன்ற அனைத்தையும் செய்யாமல் உயிரோடு எஞ்சியவன் அந்தப் பந்தத்தை மீறியவன், அவனை விசாரிக்கத் தெய்வத்துக்கே அதிகாரம் உண்டு என்றார் அவர். ஓர் இனம் முழுவதையும் கொலைகாரர் என்று சொல்வதற்கு இந்த நான்கில் எதுவும் இடம் தரவில்லை என்பதையும் அவர் வற்புறுத்தினார். இந்தப் பகுப்பைச் சும்கயித்துக்குப் பொருத்தினால், அடித்தவன் முதல் வகை, துருப்பை அனுப்பத் தாமதித்த ராஜ்யம் இரண்டாம் வகை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் மூன்றாம், நான்காம் வகையினர் என்று பிரித்துக் காணலாம். கதவைச் சாத்திக்கொண்டவரை நாம் கடிந்துகொள்ள அவசரப்பட வேண்டாம். அந்த நிலையில் நாம் என்ன செய்திருப்போம் என்பதற்கு நம்மிடம் எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியிலிருந்து அவரை விடுவிக்கவும் நமக்கு அதிகாரம் இல்லை.

கதவைத் திறந்தவர்களும் இருந்தார்கள் என்பதே இதற்குக் காரணம். தப்பிப் பிழைத்த ஆர்மீனியரின் சாட்சியங்களில் அஸர்பைஜானிய அண்டை வீட்டார் திரும்பத் திரும்ப வருகின்றனர். தம் வீட்டில் ஒளித்துவைத்து, வாசலில் வந்து நின்ற கூட்டத்திடம், இங்கே ஆர்மீனியர் எவரும் இல்லை என்று பொய் சொன்னவர்கள் அவர்கள். வாசலில் கொலைகாரன் நின்று, நீ ஒளித்துவைத்திருக்கும் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் பொய் சொல்லலாமா என்ற கேள்வியை 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இம்மானுவேல் கான்ட் ஆராய்ந்து, அப்போதும் கூடாது என்று தீர்ப்பளித்தார். வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், பிறர்க்குக் குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறும் என்று வகுத்தார். கான்ட் அற்பமான சிந்தனையாளர் அல்லர். பொய்யை ஓரிடத்தில் அனுமதித்தால் மனிதரிடையே நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லாமற் போகும் என்ற அவருடைய கவலை கனமானது. ஆயினும் சும்கயித்தின் வாசற்படியில் நின்று யோசிக்கும்போது நான் வள்ளுவரையே பின்பற்றுகிறேன். அங்கே கூட்டம் கேட்ட கேள்வியே ஒரு பெரும் பொய்யின்மேல் எழுந்தது. உள்ளே இருப்பவன் செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பாளி என்பதே அந்தப் பொய். அதற்கு மெய்யான விடை கொடுத்தால் அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டதாகும். இல்லை என்று சொன்ன அந்த அண்டை வீட்டார், தம் உயிரையும் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைத்து, அந்தக் கட்டடத்தில் உண்மை பேசிய ஒரே மனிதரானார். அவர் முகத்தையும் அந்தக் கூட்டத்தின் முகத்தையும் ஒன்றாகப் பார்த்தபின், கூட்டத்தில் அகப்பட்டவனுக்குச் சுதந்திரம் ஏது, இன வெறி வந்தால் எவனும் அப்படித்தான் ஆவான் என்ற சமாதானம் நிற்காது. ஒரே இனம், ஒரே வானொலி, ஒரே வதந்தி, ஒரே படிக்கட்டு. ஒருவர் கதவை உடைத்தார், ஒருவர் கதவைக் காத்தார். பொறுப்பு தனிமனிதனுடையது என்பதற்கு இதனினும் வலிய பிரமாணம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

நம் நாட்டுச் சமய மரபில் வந்தவர் ஒருவர் இங்கே வேறொரு வினாவை எழுப்பக்கூடும். மாண்டவர்கள் தம் முன்வினைப் பயனைத்தானே அனுபவித்தார்கள் என்பது அது. இப்படிப் பேசுவோரை நான் அறிவேன். அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவர்கள் தாம் போற்றும் கொள்கைக்கே அநீதி இழைக்கிறார்கள். வினையைப் பற்றிய உபதேசம் ஒருவன் தன் துன்பத்தின் முன் நின்று தன்னையே ஆராய்ந்துகொள்வதற்கு அருளப்பட்டது. பிறன் துன்பத்தின் முன் நின்று அவனுக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு அன்று. செய்தவனையே செயல் தொடரும், வேறொருவனை அது பற்றாது என்பது அக்கொள்கையின் உயிர்நாடி. அந்த உயிர்நாடியைப் பற்றிக்கொண்டால், கராபாக்கில் எவரோ செய்ததற்குச் சும்கயித்தில் ஒரு மூதாட்டியைத் தண்டிக்க எவராலும் முடியாது. அதை அறுத்துவிட்டு, துன்புற்றவன் எப்போதோ பாவம் செய்தவனாகவே இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கொலைகாரன் கர்ம நியதியின் ஊழியனாக உயர்ந்துவிடுவான். எந்த ஞானியும் அதற்காக அந்த உண்மையை நமக்குச் சொல்லவில்லை.

சும்கயித்தோடு தீமை அடங்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அஸர்பைஜானின் மற்றொரு நகரமான கிரோவாபாத்திலும், 1990 ஜனவரியில் பாக்குவிலும் அது பரவியது. ஒருகாலத்தில் 2,00,000 ஆர்மீனியர் வாழ்ந்த பாக்குவில் எஞ்சியிருந்தோர் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காஸ்பியன் கடலைக் கடந்தனர். ஆர்மீனியத் தாய்க்கும் யூதத் தந்தைக்கும் அந்நகரில் பிறந்த சதுரங்க உலகச் சாம்பியன் காரி காஸ்பரோவும் தம் குடும்பத்தோடு வெளியேறினார். நகரில் இருந்த உள்நாட்டுத் துருப்புகள் கொலை நடந்தபோது கைகட்டி நின்றன. ஆர்மீனியர் பெரும்பாலும் போய்விட்ட பின், ஜனவரி 20-ஆம் தேதி சோவியத் ராணுவம் டாங்கிகளோடு நுழைந்து 130-க்கும் மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களும் தாம் செய்யாததற்கே மாண்டார்கள்.

ஆர்மீனியர் மட்டுமே துன்புற்றனர் என்று நான் சொன்னால், இதுவரை சொன்னதை எல்லாம் நானே மறுத்தவனாவேன். 1988 இறுதிக்குள் ஆர்மீனியாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அஸர்பைஜானியரில் ஏறத்தாழ அனைவரும் விரட்டப்பட்டனர். குகார்க் பகுதியில் அவர்களும் கொலையுண்டனர். அந்த இருளிடையே 1989-இல், ஆர்மீனியாவிலிருந்த கிஸில்-ஷஃபாக் என்ற அஸர்பைஜானியக் கிராமத்தாரும், அஸர்பைஜானிலிருந்த கெர்கென்ஜ் என்ற ஆர்மீனியக் கிராமத்தாரும் தாமே கூடிப் பேசி, வீடுகளைப் பரஸ்பரம் மாற்றிக்கொண்டு குடிபெயர்ந்தனர். விட்டுச்செல்லும் மயானங்களை ஒருவருக்காக ஒருவர் பேணுவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டனர். ராஜ்யமும் தலைவர்களும் நியாயத்தைக் கைவிட்டபோது, குடியானவர் அதைத் தம்முள் ஓர் ஒப்பந்தமாகக் காத்தனர்.

அஸர்பைஜானிய எழுத்தாளர் அக்ரம் அய்லிஸ்லி, சும்கயித், பாக்கு படுகொலைகளின் பின்னணியில் ‘கல்லின் கனவுகள்’ என்ற பொருள்படும் தலைப்புடைய நாவலை 2012 இறுதியில் ஒரு ருஷ்யப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன் நாயகனாகிய அஸர்பைஜானிய நடிகர், ஓர் ஆர்மீனிய முதியவரைக் காக்க முனைந்து தாமே அடியுண்டு வீழ்கிறார். தம் இனத்தார் செய்த தீமையைத் தம் மொழியினர் காதில் படும்படி சொன்னதற்காக, அந்த எழுத்தாளரின் புத்தகங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் எழுத்தாளர் என்ற பட்டம் பறிக்கப்பட்டது, அவர் காதை அறுத்து வருவோர்க்கு ஓர் அரசியல்வாதி 10,000 மனாத் பரிசு அறிவித்தார். 75 வயதைக் கடந்த அந்த மனிதர் செய்தது துரோகம் என்றால், வாசலில் நின்று இல்லை என்று சொன்ன அண்டை வீட்டாரும் துரோகியே.

2023 செப்டம்பரில் 1,00,000-க்கும் மேற்பட்ட ஆர்மீனியர் கராபாக்கை விட்டு வெளியேறிவிட்டனர். இரு ஜனங்களும் இனி ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கப் போவதில்லை. ஆகவே நான் கேட்பது சமரசத்தை அன்று, அதனினும் சிறிய ஒன்றை. சும்கயித் வழக்குகளின் ஆவணங்களை அவை உள்ள இடங்களிலிருந்து எடுத்து, செய்தவர் பெயர், தடுத்தவர் பெயர், தாமதித்தவர் பெயர் என்று வகைப்படுத்தி அஸர்பைஜான் அரசாங்கம் வெளியிட வேண்டும். குகார்க்கில் நடந்ததை ஆர்மீனிய அரசாங்கமும் அவ்வாறே வெளியிட வேண்டும். தம் அண்டை வீட்டாரை ஒளித்துவைத்தவர்களின் பெயர்களை இரு நாட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கும்போதே இது செய்யப்பட வேண்டும்.